வைஃபை நாட்டைப் பொலிவியா என்று வைத்தேன், "நாடு 98" என்று காட்டுகிறது. அது எந்த நாடு?

பொங்கோல்_வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், பொங்கோலில் புது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஃபைபர் பெட்டி வாசல் பக்கம். கடைசி அறைக்கும் அதற்கும் நடுவில் பாம் ஷெல்டர், அதாவது தடித்த கான்கிரீட் சுவர் வைத்த பாதுகாப்பு அறை. அந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் வைஃபைக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. மகளுக்கு இணைய வகுப்பு அந்த அறையில்தான்.

சும்மா கிடந்த ஒரு மினி கணினியில் லினக்ஸ் போட்டேன். அதற்குள் இருக்கும் வைஃபை கார்டு, சேவை நிறுவனம் கொடுத்த ரௌட்டரோடு இணைந்திருக்கும். யூஎஸ்பியில் செருகிய இன்னொரு கார்டு ஹோஸ்ட்ஏபிடி மென்பொருள் வழியாக அறைக்குள் வைஃபை பரப்பும். இதுதான் திட்டம். வேலையும் செய்தது.

அப்புறம்தான் வினை. காணொளி ஒன்றில், நாட்டுக் குறியீட்டைப் பொலிவியாவுக்கு மாற்றினால் சிக்னல் பிய்த்துக்கொண்டு போகும் என்றார்கள். மாற்றினேன். "ஐடபிள்யூ ரெக் கெட்" கட்டளையில் எந்த நாடு என்று கேட்டால் பொலிவியாவும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை, "நாடு 98" என்கிறது. வைஃபை பேசும் அதிர்வெண் இடங்களான சேனல்களின் பட்டியல் முன்பைவிடச் சுருங்கிவிட்டது! மூன்று கேள்விகள்:

98 எந்த நாடு? நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது? அப்புறம், 100-வது சேனலில் வைத்தால் வைஃபை எழுந்து வரவே ஒரு நிமிடம் ஆகிறது, நேற்று அதுவாகவே 36-க்குத் தாவிவிட்டது. கார்டு கெட்டுவிட்டதா?

---

ஜூரோங்_டர்போ

நான் இரண்டு வருடமாக என் ரௌட்டரை அமெரிக்கா என்று வைத்திருக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் சக்தி 30 டிபிஎம் என்று காட்டுகிறது. எந்த அதிகாரியும் வந்து கதவைத் தட்டவில்லை. உங்கள் கார்டுதான் சரியில்லை, வேறு வாங்குங்கள்.

---

பழைய_ஆன்டெனா

தம்பி பொங்கோல், கார்டுக்கு ஒன்றும் இல்லை. லினக்ஸ் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. நீளமாக எழுதப் போகிறேன், கோப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வைஃபைக்கென்று சிஎஃப்ஜி80211 என்று ஒரு பகுதி உண்டு. எந்த நாட்டில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்ற சட்டம் அதற்கு மனப்பாடம் கிடையாது. அதைத் தனியாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறார்கள், வயர்லெஸ்-ரெக்டிபி என்று பெயர். மூலத்தில் அது வெறும் எழுத்துக் கோப்பு, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு, அதன் கீழே வரிவரியாக அதிர்வெண் எல்லை, அதிகபட்ச சேனல் அகலம், அதிகபட்ச சக்தி, கடைசியில் நிபந்தனைகள். இந்த வரியில் ரேடாரைக் கவனிக்க வேண்டும், அந்த வரியில் நீயாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பது போல. நம் சிங்கப்பூரின் எஸ்ஜியும் அதில் இருக்கிறது. ஒரு நாடு சட்டத்தை மாற்றினால், அரசாங்க ஆவணத்தைக் காட்டி யாராவது ஒருவர் திருத்தம் அனுப்ப வேண்டும். யாரும் அனுப்பாவிட்டால் பழைய விதிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

கணினியைத் தொடங்கியவுடன் எந்த நாடு என்று அதற்குத் தெரியாது. அப்போது 00 என்ற குறியீட்டில் நிற்கும், அதற்கு உலகம் என்று பொருள். எங்கே போனாலும் வம்பு வராத அளவுக்குக் குறுகிய பட்டியல். 2.4-ல் 1 முதல் 11 வரை தாராளம். 12, 13 சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸ் முழுவதிலும் காது கொடுக்கலாம், முதலில் வாய் திறக்கக் கூடாது. அதாவது அங்கே ஏற்கெனவே ஒரு ரௌட்டர் பேசிக்கொண்டிருந்தால் அதனுடன் சேர்ந்துகொள்ளலாம், நீங்களே ரௌட்டராக நிற்க முடியாது.

நாடு எது என்று அதற்கு மூன்று பேர் சொல்லலாம். ஒன்று நீங்கள். இரண்டாவது, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், கார்டுக்குள்ளேயே தொழிற்சாலையில் எழுதி அனுப்பிய குறியீட்டைப் படித்துச் சொல்லும். மூன்றாவது பக்கத்தில் இருக்கும் ரௌட்டர். ஒவ்வொரு ரௌட்டரும் தன் பெயரை ஒலிபரப்பும்போது "நான் இந்த நாட்டு விதிப்படி இயங்குகிறேன்" என்றும் சேர்த்துச் சொல்ல முடியும். 802.11டி என்ற தரம் அதற்காகவே வந்தது.

உங்கள் கதை இங்கேதான். உள்கார்டு சேவை நிறுவன ரௌட்டருடன் இணைந்திருக்கிறது. அது சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டது. பிறகு நீங்கள் வந்து பொலிவியா என்கிறீர்கள். கெர்னல் யாரை நம்பும்? இரண்டு பேரையும் நம்பாது. இரண்டு பட்டியலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் உள்ளதை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டிவிடும். வெட்டி வந்த பட்டியல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை அல்லவா? அதற்கு வைக்கும் பெயர்தான் 98. அதேபோல 99 என்றால் டிரைவரே கட்டிய பட்டியல், குறிப்பிட்ட நாடு சொல்ல முடியாது என்று பொருள். 97 என்றால் இன்னும் எதுவும் அமைக்கப்படவில்லை.

ஆகவே நீங்கள் பொலிவியாவுக்குக் குடிபோகவில்லை. சிங்கப்பூருக்கும் பொலிவியாவுக்கும் பொதுவான ஒரு சின்னத் தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ரௌட்டருடன் இணைப்பைத் துண்டித்தால் கெர்னல் அந்த வெட்டைக் கைவிட்டுப் பழைய நிலைக்குப் போகும், முயன்று பாருங்கள்.

---

பொங்கோல்_வாசி

அண்ணே, "சின்னத் தீவு" என்று படித்து என் மனைவி சிரிக்கிறாள், நாம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறோம் என்று. துண்டித்துப் பார்த்தேன், 98 போய்விட்டது. ஆனால் ஒரு சந்தேகம். அது வெறும் எழுத்துக் கோப்பு என்கிறீர்கள். அப்படியானால் எஸ்ஜி வரியில் நானே 30 என்று திருத்திவிட முடியாதா?

---

டெபியன்_அக்கா

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஒரு சனிக்கிழமை முழுவதும் இதில் தொலைத்தவள் நான்.

எழுத்துக் கோப்பைத் திருத்தலாம், அதை இருமக் கோப்பாகவும் மாற்றலாம். ஆனால் கெர்னல் அதை ஏற்றும்போது, கூடவே வரும் மின்கையொப்பக் கோப்பைச் சரிபார்க்கும். தன்னிடம் உள்ள சாவிகளில் ஒன்றால் கையொப்பம் இடப்பட்டிருந்தால்தான் உள்ளே விடும். முன்பு சிஆர்டிஏ என்று ஒரு சிறு நிரல் கெர்னலுக்கு வெளியே இருந்து இந்த வேலையைச் செய்தது. 2018 ஜனவரியில் வந்த 4.15 கெர்னலிலிருந்து கெர்னலே நேரடியாகச் செய்கிறது.

என் கதை: டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நானே கெர்னல் தொகுத்தேன். டெபியன் தன் ரெக்டிபி கோப்பைத் தன் சொந்தச் சாவியால் கையொப்பமிடுகிறது. மூல வெளியீட்டின் கோப்பும் அதே பொதியில் பக்கத்தில் இருக்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். நான் தொகுத்த கெர்னலில் டெபியன் சாவி இல்லை. விளைவு? தொடக்கப் பதிவில் ஒரே ஒரு வரி, கோப்பு பழுது அல்லது கையொப்பம் இல்லை என்று. வேறு எந்தக் கூச்சலும் இல்லை. வைஃபை வேலை செய்தது, இணையம் வந்தது. 5 கிகாவில் ரௌட்டராக நிற்கச் சொன்னால் மட்டும் முடியாது என்றது. எஸ்ஜி, எஸ்ஜி என்று நூறு முறை அடித்தேன், 00-ஐ விட்டு அசையவில்லை. அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தபோது மாலை ஆறு மணி. அதன்பிறகு மூல வெளியீட்டுக் கோப்புக்கு மாற்றியது இரண்டு நிமிட வேலை.

கோபம் வந்ததுதான். ஆனால் யோசித்தால் நியாயம் தெரிந்தது. கோப்பு கெட்டுப்போனால் மென்பொருளுக்கு இரண்டு வழி. "எல்லாம் அனுமதி" என்று விழலாம், "கொஞ்சம்தான் அனுமதி" என்றும் விழலாம். இவர்கள் எப்போதும் இரண்டாவது பக்கம்தான் விழ வைக்கிறார்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகை வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். நாட்டைச் சொல்லும் வரை வைஃபையையே அணைத்து வைத்திருக்கும். புதிதாக வாங்கியவர் பலகை பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிற கதை அதிகம்.

---

ஜூரோங்_டர்போ

அக்கா, கெர்னலையே நான்தான் தொகுக்கிறேன் என்றால் அந்தச் சரிபார்ப்பையும் எடுத்துவிடலாமே?

---

டெபியன்_அக்கா

எடுக்கலாம். மூலநிரல் கையில் இருக்கும்போது யார் தடுக்க முடியும்? ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கெர்னல் சரி என்றாலும் கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் தன் கணக்கைத்தான் பார்க்கும். இன்டெல் கார்டு ஒன்றை எடுத்து "ஐடபிள்யூ ரெக் கெட்" போட்டுப் பாருங்கள், "சுய நிர்வாகம்" என்ற பொருளில் தனி வரி வரும். நீங்கள் சொல்லும் நாட்டை அது கேட்பதே இல்லை. சுற்றியுள்ள ரௌட்டர்கள் சொல்வதைக் கேட்டு எங்கே இருக்கிறோம் என்று தானே முடிவு செய்கிறது. அதை அணைக்க டிரைவரில் முன்பு ஒரு தேர்வு இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். இன்டெல் கார்டில் 5 கிகா ஹாட்ஸ்பாட் வரவில்லை என்று களத்துக்குக் களம் புலம்பல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

---

பழைய_ஆன்டெனா

ஜூரோங் தம்பியின் 30 டிபிஎம்முக்கு வருவோம். அது உங்களை ஏமாற்றுகிறது.

அந்த எண் பட்டியல் அனுமதிக்கும் உச்சவரம்பு. கார்டு அவ்வளவு வீசுகிறது என்று பொருளில்லை. சாலையில் 90 என்று பலகை மாட்டினால் சைக்கிள் 90-ல் போய்விடுமா? வீட்டுக் கார்டுகளின் பெருக்கி பெரும்பாலும் அதற்கு வெகு கீழேயே மூச்சு வாங்கிவிடும். அதற்கு மேல் அழுத்தினால் அலை வடிவம் கெடும். கெட்டால் வேகமான பண்பேற்றம் (அலையில் தரவை ஏற்றும் முறை) எடுபடாது, சிக்னல் கோடு நான்கு இருக்கும், வேகம் குறையும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 20 டிபிஎம் 100 மில்லிவாட். 3 கூடினால் இரு மடங்கு, ஆக 23 என்பது 200 மில்லிவாட். 30 என்பது ஒரு வாட். சிங்கப்பூரில் 2.4 கிகாவில் வைஃபைக்கு வரம்பு 200 மில்லிவாட். ஐரோப்பாவில் 100. இந்த எண்கள் ஆன்டெனாவையும் சேர்த்து அளக்கப்படுபவை. நீங்கள் சிம் லிம் ஸ்குவேரில் 6 டிபிஐ (சிக்னலைக் குவிக்கும் அளவு) ஆன்டெனா வாங்கி மாட்டினால், கார்டின் சக்தியை 17-க்கு இறக்கினால்தான் மொத்தம் 23-ல் நிற்கும். மென்பொருளுக்கு ஆன்டெனா கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் கழிக்கும். ரௌட்டருக்கான திறந்த மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியில் அதற்குத் தனி அமைப்பு உண்டு, ஆனால் அதை நிரப்பியவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அமெரிக்காவில் கணக்கே வேறு மாதிரி, கார்டுக்கு ஒரு வாட், அதன் மேல் 6 டிபிஐ ஆன்டெனா வரை அனுமதி. உங்கள் 30 அங்கிருந்து வந்தது.

இன்னொன்று. வைஃபை கோயில் ஒலிபெருக்கி இல்லை, இரண்டு பக்கப் பேச்சு. நீங்கள் இந்த முனையில் எவ்வளவு கத்தினாலும், அந்த முனையில் மகளின் கைபேசி தன் சின்னக் குரலில்தான் பதில் சொல்லும். அந்தப் பதில் பாம் ஷெல்டர் சுவரைத் தாண்டவில்லை என்றால் பேச்சு அறுந்துதான் போகும். பொலிவியா வைத்தியத்தின் ரகசியமும் சின்னதுதான். ஒரு காலத்தில் பட்டியலில் அந்த நாட்டுக்கு 2.4-ல் 30 என்று இருந்தது. காணொளி எடுத்தவர்கள் அன்றைய எண்ணை இன்றும் விற்கிறார்கள்.

நாட்டை மாற்றினால் இழப்பும் உண்டு. அமெரிக்கா என்று வைத்தால் 12, 13 சேனல்கள் போகும். ஐரோப்பிய நாடு ஒன்றை வைத்தால் 149 முதலான மேல் சேனல்களில் 25 மில்லிவாட்தான் என்பதால் பல ரௌட்டர்கள் அவற்றைத் தருவதே இல்லை. சிங்கப்பூரில் அதே இடத்தில் ஒரு வாட் வரை உண்டு, ரேடார் தொல்லையும் கிடையாது. வீட்டில் விருந்து வைத்திருக்க வெளியே போய்ப் பிச்சை எடுப்பானேன்?

---

பொங்கோல்_வாசி

ரேடார் தொல்லையா? 100-வது சேனல் ஒரு நிமிடம் தூங்குவது அதனால்தானா? என் ஜன்னலிலிருந்து ஜோகூர் நீரிணை தெரியும். கப்பல் ரேடார்தான் என் வைஃபையைத் துரத்துகிறது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

---

கடல்_மின்னணு

கப்பலைத் திட்டாதீர்கள், அது என் பிழைப்பு. கப்பல்களின் வழிகாட்டு ரேடார்கள் 3 கிகாஹெர்ட்ஸ் அருகில் ஒன்று, 9.4 அருகில் ஒன்று என்று இரண்டு இடங்களில் இயங்குகின்றன. உங்கள் 100-வது சேனல் 5.5-ல் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு தெரு. 5 கிகாவில் இருப்பவை வானிலை ரேடார், ராணுவ ரேடார் மாதிரியானவை.

---

பழைய_ஆன்டெனா

கடல் தம்பி சொன்னது சரி. ரேடாரைக் கண்டால் சேனலை விட்டு விலகும் டிஎஃப்எஸ் என்ற முறை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன், இந்த விதிகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

5 கிகாவில் ரேடார்கள் முதலில் குடியேறியவை. 2003-ல் உலக வானொலி மாநாடு 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் வரையும் 5470 முதல் 5725 வரையும் வைஃபைக்குத் திறந்துவிட்டது. நிபந்தனை ஒன்று போட்டார்கள். இந்த இடங்களில் 5250-க்கு மேல் வருபவர் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். சேனல் எண்ணில் சொன்னால் 52 முதல் 64, 100 முதல் 144.

அதனால் 100-வது சேனலில் தொடங்கினால் ரௌட்டர் 60 விநாடி வாயே திறக்காமல் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும். உங்கள் ஒரு நிமிடத் தூக்கம் அது. ஐரோப்பிய விதியில் 5600 முதல் 5650 வரை, அதாவது வானிலை ரேடார்கள் உள்ள இடத்தில், 10 நிமிடம். இயங்கிக்கொண்டிருக்கும்போது ரேடார் துடிப்பு காதில் விழுந்தால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். போகும்போது இணைந்திருக்கும் கருவிகளுக்கும் "நான் 36-க்குப் போகிறேன், பின்னால் வாருங்கள்" என்று அறிவித்துவிட்டுப் போகும். அடுத்த 30 நிமிடம் அந்தச் சேனலைத் தொடக் கூடாது. ஹோஸ்ட்ஏபிடி பதிவைத் திறந்து பாருங்கள், ரேடார் கண்டது, தடை முடிந்தது என்று எல்லாம் நேரத்துடன் இருக்கும்.

உண்மையில் ரேடார் வந்ததா என்றால், வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். கார்டு பார்ப்பது குறிப்பிட்ட இடைவெளியில் வரும் குட்டித் துடிப்புகளை மட்டுமே. அடுத்த வீட்டு ரௌட்டரின் துண்டு துண்டான சத்தமும் சில சமயம் அப்படித் தோன்றும். சந்தேகம் வந்தால் ஓடிவிடு என்பதுதான் விதி.

இவ்வளவு பயம் எதற்கு? 2009-ல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் விமான நிலைய வானிலை ரேடாருக்கு இடையூறு வந்தது. விமானம் இறங்கும் பாதையில் திடீர்க் காற்று மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார் அது. தேடிப் போனால், கட்டட உச்சிகளில் இருந்த 5 கிகா இணைய இணைப்புகள். அதன் பிறகு அமெரிக்காவின் வானொலி அலைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி இப்படிப் பிடித்த பல இடங்களில் டிஎஃப்எஸ்ஸை அணைத்து வைத்திருந்தார்கள்.

மகளின் கைபேசிக்கு ரேடாரைக் கண்டுபிடிக்கும் வேலை இல்லை, கவனியுங்கள். அது ரௌட்டரின் பொறுப்பு. கைபேசி செய்ய வேண்டியது ஒன்றுதான், ரௌட்டரின் குரல் கேட்காத இடத்தில் தானாகப் பேசாமல் இருப்பது. முன்பு 00 பட்டியலில் சொன்னேனே, அதே நிபந்தனைதான் இது.

---

உட்லண்ட்ஸ்_ரமா

நடுவில் ஒரு கேள்வி. மார்சிலிங்கில் கடற்பாலம் பக்கம் இருக்கிறோம். வீட்டு ஜன்னலோரம் நின்றாலே கைபேசி ஜோகூர் கோபுரத்தைப் பிடித்து, மலேசியாவுக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வரும். அப்போது வைஃபையும் நாடு மாறுமா?

---

டெபியன்_அக்கா

ஆண்ட்ராய்டு கைபேசி வைஃபை நாட்டைப் பெரும்பாலும் கைபேசிக் கோபுரத்திடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது, ரமா. கோபுரம் சொல்லும் நாட்டு எண் 525 என்றால் சிங்கப்பூர், 502 என்றால் மலேசியா. ஆகவே ஆமாம், சோபாவில் உட்கார்ந்தபடியே நாடு மாறலாம். வலைத் தேர்வைச் சிங்கப்பூர் நிறுவனத்தில் கையால் பூட்டி வைத்தால் இந்தத் தொல்லை போகும், கட்டணமும் மிச்சம்.

மேக் கணினி கோபுரம் பார்க்காது, சுற்றியுள்ள ரௌட்டர்களின் குறியீட்டைப் பார்க்கும். ஒரே புளோக்கில் ஒருவர் எஸ்ஜி என்கிறார், ஜூரோங் தம்பி போல ஒருவர் யூஎஸ் என்கிறார். கணினிக்குக் குழப்பம், "நாட்டுக் குறியீடு முரண்படுகிறது" என்று எச்சரிக்கும். தம்பி, உங்கள் பொய்யைப் பக்கத்து வீட்டுக் கணினியும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

---

ஜூரோங்_டர்போ

சரி சரி, மாற்றுகிறேன். ஆனால் கொள்கையாக ஒன்று கேட்கிறேன். காசு கொடுத்து வாங்கிய என் கருவி. அதில் என்ன மென்பொருள் ஓட வேண்டும் என்று கம்பெனி ஏன் முடிவு செய்ய வேண்டும்?

---

பழைய_ஆன்டெனா

இந்தக் கேள்வியில் நான் உங்கள் பக்கம்தான்.

பழைய கதை ஒன்று உண்டு. ஏதெரோஸ் நிறுவனத்தின் வைஃபை சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது, ஆனால் சக்தியையும் அதிர்வெண்ணையும் தொடும் பகுதியை மட்டும் மூடிய பெட்டியாகவே கொடுத்தார்கள். திறந்தால் ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்காது என்று ஒரு பயம். 2008-ல் அதே நிறுவனம் ஏடிஎச்9கே என்று திறந்த டிரைவரை வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. நாம் இவ்வளவு நேரம் பேசிய பட்டியலும் வெட்டு முறையும் அந்தக் காலகட்டத்தில்தான் உருவாயின. திறந்த மென்பொருளும் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்று காட்டுவதற்கான பதில் அது.

2015-ல் மறுபடி வந்தது. எஃப்சிசி தன் வழிகாட்டு ஆவணத்தில், டிடி-டபிள்யூஆர்டி போன்ற வெளி ஃபர்ம்வேரை ஏற்றாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்று பெயர் சொல்லியே உற்பத்தியாளர்களைக் கேட்டது. பெரிய எதிர்ப்பு. நவம்பரில் வாசகத்தைத் திருத்தி, எங்களுக்கு வேண்டியது ரேடியோ எல்லை மீறாமல் இருப்பது மட்டும்தான் என்றார்கள். 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனம் எஃப்சிசியுடன் 2 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பயனர் நாட்டுக் குறியீட்டை மாற்றி அமெரிக்க வரம்பை மீற முடிந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. அதே ஒப்பந்தத்தில் வெளி ஃபர்ம்வேருக்கு வழி செய்யவும் அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது. ரேடியோவைப் பூட்டு, மீதி வீட்டைத் திறந்து வை என்பது போல. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பூட்டாகப் போடுவது கம்பெனிகளுக்கு மலிவு, அதனால் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஐஎம்டிஏ என்ற அரசு ஆணையம் பொறுப்பு. நீங்களும் நானும் வைஃபைக்குத் தனி உரிமம் வாங்காமல் இருப்பது, குறைந்த சக்திக் கருவிகளுக்கு விலக்கு உண்டு என்பதால்தான். சக்தி வரம்பைத் தாண்டினால் அந்த விலக்கும் உங்களை விட்டுப் போய்விடும். ரௌட்டரின் அடியில் "ஐஎம்டிஏ தரங்களுக்கு இணங்குகிறது" என்ற வாசகமும் டிஏ என்று தொடங்கும் விற்பனையாளர் உரிம எண்ணும் இருக்கும், திருப்பிப் பாருங்கள்.

---

பாசிர்ரிஸ்_குமார்

அந்த ஒட்டுவில்லையைப் பார்க்காமல் வாங்கி முழித்தவன் நான். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் வைஃபை 7 ரௌட்டர் மலிவாகக் கிடைத்தது, அமெரிக்கப் பதிப்பு. நாட்டை மாற்றும் தேர்வே அதில் இல்லை. 2.4, 5 இரண்டும் வந்தன. 6 கிகா மட்டும் வீட்டில் ஒரு கைபேசிக்கும் தெரியவில்லை. கடைக்காரர் உங்கள் கைபேசி பழசு என்றார். மூன்று வாரம் மின்னஞ்சல் சண்டை.

கடைசியில் அலுவலகத் தம்பி ஒருவர் வந்து பார்த்துச் சொன்னார். அமெரிக்கா 2020-ல் 5925 முதல் 7125 வரை 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் திறந்துவிட்டது. நம் ஐஎம்டிஏ 2023-ல் கொடுத்தது 5925 முதல் 6425 வரை மட்டும். ரௌட்டர் தானாகத் தேர்ந்து உட்கார்ந்திருந்த சேனல் 6425-க்கு மேலே. சிங்கப்பூரில் இருக்கிறோம் என்று தெரிந்த கைபேசிகள் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. சேனலைக் கையால் கீழே இறக்கியதும் எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

பெட்டியில் 320 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. நம் 500-க்குள் அப்படி ஒன்றுதான் முழுதாக அடங்கும். பக்கத்து வீட்டாரும் அதே ரௌட்டர் வாங்கினால் இருவரும் அதே இடத்தில்தான் முட்டிக்கொள்வோம். 160 வைத்தால் மூன்று கிடைக்கும். நான் 160-க்கு இறக்கிவிட்டேன். ஆனால் மற்ற எல்லைகளை அது இன்னும் அமெரிக்கக் கணக்கில்தான் பார்க்கிறது என்பது உறுத்துகிறது. இங்கே விற்கும் பதிப்பையே வாங்கியிருக்கலாம்.

---

பொங்கோல்_வாசி

இன்று விடுப்பு எடுத்து உட்கார்ந்தேன். செய்தது: நாடு எஸ்ஜி. யூஎஸ்பி கார்டு 149-வது சேனல், அகலம் 80. உடனே எழுந்து வருகிறது, தாவவில்லை. காணொளிக்காரரின் வேறு கட்டளைகள் நாலைந்து இருந்தன, எல்லாம் அழித்தாயிற்று.

ஆனால் வேகம் இன்னும் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. உள்கார்டு ரௌட்டரிடமிருந்து வாங்கும் பக்கம்தான் இப்போது நெருக்கடி. அதே பாம் ஷெல்டர் சுவர்.

---

பழைய_ஆன்டெனா

அந்தச் சுவருக்கு எந்த நாட்டு விதியும் உதவாது தம்பி. உள்ளே இரும்புக் கம்பி. கம்பி இழுக்க அதில் மறுபக்கம் வரை ஓட்டை போடவும் அனுமதி கிடையாது. வரவேற்பறைச் சுவரின் அடிப்பலகை ஓரமாக ஒரு ஈத்தர்நெட் கம்பி இழுத்து மினி கணினிக்குக் கொடுங்கள். கம்பிக்கு டிபிஎம்மும் இல்லை, டிஎஃப்எஸ்ஸும் இல்லை.

---

பொங்கோல்_வாசி

15 மீட்டர் போதும். வெள்ளை நிறத்தில், தட்டையாக எங்கே கிடைக்கும்? மனைவி கறுப்புக் கம்பி கூடாது என்கிறாள்.

---

ஜூரோங்_டர்போ

சிம் லிம் இரண்டாவது மாடி, எஸ்கலேட்டர் ஏறியதும் இடப்பக்கம் போங்கள். நானும் சனிக்கிழமை போகிறேன், வேண்டுமானால் வாங்கி வருகிறேன். என்னுடையதை எஸ்ஜி-க்கு மாற்றியாயிற்று. 13-வது சேனல் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் புளோக்கில் அதில் ஒரு ஆள் கூட இல்லை!

---

டெபியன்_அக்கா

அதில் ஆள் இல்லாததற்கும் காரணம் உண்டு. அமெரிக்கப் பதிப்புக் கருவி ஏதாவது வீட்டில் இருந்தால் அதற்கு 13 தெரியாது. வீட்டில் ஏதாவது மின்விளக்கோ கேமராவோ காணாமல் போனால் இங்கே வந்து புலம்பக் கூடாது.

---

ஜூரோங்_டர்போ

படுக்கையறை விளக்கு காணோம் அக்கா. 11-க்கே போகிறேன்.